வண்டிப்பாதையில் நின்று சொன்ன வசனம்

சினிமா எடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அரியலூர் லாரி புக்கிங் ஆபீசுக்குள் நுழைந்தபோது நான் முதலில் பார்த்தது அவருடைய செருப்பைத்தான். தேய்ந்து போய், அறுந்த வாரில் ஊக்கு குத்திய செருப்பு. சினிமாக்காரன் எவனாவது இப்படிச் செருப்புப் போடுவானா என்று அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. சிமெண்ட் மூட்டை ஏற்றப் போகிற லாரிகளுக்குச் சீட்டு எழுதுவது என் வேலை. லாரி வராத நேரத்தில் கதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். ஒன்றிரண்டு வெளிவந்தும் இருந்தன. அதில் ஒன்று, தன் நிலம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போகப்போகிறது என்று கேள்விப்பட்ட ஒரு விவசாயியைப் பற்றியது. அதைப் படித்துவிட்டுத்தான் அந்த மனிதர் திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். அங்கே பாங்கில் வேலை, லீவு போட்டிருக்கிறார், நண்பர்கள் உதவுகிறார்கள். ஸ்டூடியோ இல்லை, பாட்டு இல்லை, நடிகர்களும் இல்லை. திரைக்கதையை நான்தான் எழுத வேண்டும் என்றார்.

"எனக்கு சினிமாவைப் பத்தி என்னங்க தெரியும்?" என்றேன்.

"சினிமா எனக்குத் தெரியும் சார். நெலம் உங்களுக்குத் தெரியும். அது போதும்" என்றார். அடுத்த மூச்சிலேயே, "உங்க நெலம் எந்தப் பக்கம்?" என்றும் கேட்டார்.

கதை கேட்க வந்தவருக்கு என் நிலம் எங்கே இருந்தால் என்ன? எனக்குச் சுருக்கென்றது. அது ஏன் என்று சொல்ல வேண்டும். செந்துறை ரோட்டில் இறங்கி நடந்தால் எங்கள் ஊர். என் அப்பா தலை நரைக்கும்வரை அடுத்தவர் கொல்லையில் கூலிக்கு உழுதவர். பிறகு ஒரு ஏக்கர் மானாவாரிக் கொல்லை வாங்கினார். மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் வெறும் காடு. ஆனால் எங்கள் வம்சத்தில் பட்டா என்ற ஒன்று வந்தது அவர் பெயரில்தான். அந்தக் கொல்லைக்கு அடியில் வெள்ளைக்கல், அதாவது சுண்ணாம்புக்கல், ஓடுகிறது என்று ஊரில் பேச்சு. மேற்கே சில கொல்லைகளில் சுரங்கத்துக்காகக் கம்பு நட்டுச் சிவப்புத்துணி கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டவர் யார் வந்தாலும் களை எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து நின்று, அவர் ஊரைத் தாண்டிப் போகும்வரை பார்ப்பார்கள்.

ஆனாலும் எழுத ஒப்புக்கொண்டேன். படத்தில் என் எழுத்து வரும் என்ற ஆசைதான், வேறென்ன. லாரி ஆபீசின் பின்னறையில், பழைய தார்ப்பாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதினோம். தாளை நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரிக்கச் சொல்வார். இடது பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலது பக்கம் காதில் விழுவது. நான் வழக்கம்போல, 'அவன் மனம் கலங்கியது' என்று எழுதுவேன். "கலங்குனா என்ன செய்வாரு சார்? அத எழுதுங்க. மனச கேமரா புடிக்காது" என்று அடித்துவிடுவார். எனக்குக் கோபம் வரும். ஆனால் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். அதனால் இன்னும் கோபம் வரும்.

சந்தேகமும் எழுத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. கொல்லையைப் பார்க்க வந்தவர், மண்ணைக் காலால் கிளறி, "வெள்ளைக்கல் எங்கெல்லாம் தெரியுது?" என்று கேட்டார். வெயிலில் பளிச்சென்று இருக்கும், படத்துக்கு நல்லது என்று காரணம் சொன்னார். அடுத்த முறை கேமராக்காரரைக் கூட்டி வந்தார். அந்த ஆள் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, ஒரு முனையை வேப்பமரத்தில் வைத்துக்கொண்டு மறு முனையை வரப்புவரை இழுத்தார். கேமராவிலிருந்து ஆள் நிற்கிற இடம்வரை அளந்தால்தான் முகம் தெளிவாக விழுமாம். பக்கத்துக் கொல்லைக்காரர் மாட்டை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினார். கொஞ்ச நேரத்தில் வரப்பு முழுக்க ஆட்கள்.

"ஏண்டா, ஒங்கப்பன் கொல்லைய நீயே அளந்து குடுக்கறியா?" என்று ஒரு கிழவி என்னைக் கேட்டாள்.

அதோடு விட்டதா? ஒருநாள் மத்தியானம் எங்கள் ஆபீஸ் எதிரில் சிமெண்ட் ஆலை ஜீப் ஒன்று நின்றது. அதிலிருந்து நம் இயக்குநர் இறங்கி, டிரைவருக்கு ஒரு வணக்கமும் வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சுரங்கத்தில் வெடி வைப்பதைப் படம் எடுக்க அனுமதி கேட்கப் போனதாகவும், அவர்கள் முடியாது என்று சொல்லி, வெயிலாக இருக்கிறதே என்று டவுனில் இறக்கிவிட்டதாகவும் சொன்னார்.

"முடியாதுன்னு சொன்னவன் ஜீப்புல வேற கொண்டாந்து விடுவானா?" என்றேன்.

"எனக்கும் ஆச்சரியமாத்தான் இருந்துச்சு" என்றார். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. நன்றாகப் பொய் சொல்கிறவர்கள் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா என்னைவிடக் காரியக்காரர். கேமராப் பெட்டி எங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும், படம் முடிந்தால்தான் தருவேன் என்று சொல்லிவிட்டார். ஏதாவது வில்லங்கம் என்றால் பெட்டி கையில் இருக்கும் என்பது அவர் கணக்கு. இயக்குநரோ, "ரொம்ப நல்லதுங்கய்யா, லாட்ஜ்ல வச்சா எங்களுக்குப் பயமா இருக்கு" என்று சந்தோஷமாகக் கொண்டுவந்து வைத்தார். கேட்டதும் கொடுத்துவிட்டானே, அப்படியானால் பெட்டியில் ஒன்றுமே இல்லையோ என்று அப்பாவுக்கு அதிலும் சந்தேகம். பெட்டியைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார். அந்தச் சத்தம் கேட்டு ஓடிவந்த கேமராக்காரர் அன்று முழுவதும் எங்களோடு பேசவில்லை.

படத்தில் விவசாயியாக அப்பாவையே நடிக்க வைப்பது என்று முடிவாகியிருந்தது. ஊராருக்குப் பதில் சொல்ல அவர் இருக்கட்டும் என்றுதான் நான் சம்மதித்தேன். கதையின் கடைசியில், எல்லாப் பக்கமும் நெருக்கியபின், அந்த விவசாயி நிலத்தைக் கொடுத்துவிடுகிறான். இயக்குநர் நினைத்திருந்த காட்சி, பத்திரத்தில் கைநாட்டு வைப்பது. அதற்காக நிஜ முத்திரைத்தாளே வாங்கி வைத்திருந்தார். அசலாகத் தெரிய வேண்டுமாம். அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாவிடம் வெற்று முத்திரைத்தாளில் கைநாட்டு வாங்குகிறார்கள். இதை எழுதிக்கொடுப்பது நான்!

அந்தக் காட்சியை அடித்தேன். பதிலுக்கு எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை எழுதினேன். எங்கள் ஊரில் நிலம் கை மாறும்போது, கொடுக்கிறவர் அந்தக் கொல்லையிலேயே நின்று, நாலு பேர் பார்க்க, ஒரு பிடி மண்ணை அள்ளி வாங்குகிறவர் துண்டில் போட்டு, "எடுத்துக்க" என்று சொல்லுவார். பத்திரம், ரிஜிஸ்தர் ஆபீஸ் எல்லாம் அதற்கப்புறம்தான். அப்பாவும் அப்படித்தான் வாங்கினார். கேட்டதும் இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். "இதுதான் சார் படம்!" என்றார். முத்திரைத்தாளை என் கண் முன்னாலேயே கிழித்தார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

படப்பிடிப்பன்று காலையில் காட்சியை அப்பாவுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் முகம் மாறிவிட்டது.

"பேப்பர்ல கைநாட்டு வைக்கச் சொல்லியிருந்தாகூட வச்சிருப்பேண்டா. பேப்பர்னா கிழிச்சிப் போட்டுடலாம். மண்ண அள்ளிக் குடுத்துட்டு, அத நான் எப்படித் திருப்பி வாங்குவேன்?"

"இது படம்ப்பா. நிஜமா குடுக்கலையே."

"மண்ணுக்குத் தெரியுமா படம்னு? பாக்குற நாலு பேரு நிஜம்தானே?"

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சத்தத்தைப் பதிவே செய்யப்போவதில்லை, பிறகு வேறொருவர் குரலைச் சேர்ப்பார்கள் என்றேன். "அப்ப எவனோ ஒருத்தன் எங்கொல்லைய எடுத்துக்கச் சொல்லுவானா?" என்று அதற்கும் சண்டைக்கு வந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அடிமனதில் ஒரு நிம்மதியும் இருந்தது, அதை மறைப்பானேன். இந்த மனிதரை ஏமாற்றி யாரும் எதையும் வாங்கிவிட முடியாது என்று தோன்றியது.

கடைசியில் அப்பாவே ஒரு வழி சொன்னார். கொல்லைக்கு வெளியே வண்டிப்பாதை போகிறது. அது யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு. "அதுல நின்னுக்கிறேன். அந்த மண்ண அள்ளிக் குடுக்கிறேன். அத யாரு வேணா எடுத்துட்டுப் போவட்டும்." இயக்குநர் தலையைச் சொறிந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பிலிம் சுருள் மிச்சம் கொஞ்சம்தான். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காட்சியைத் திருத்தி எழுதினேன். இடது பக்கத்தில்: 'விவசாயி தன் நிலத்துக்கு வெளியே, வண்டிப்பாதையில் நிற்கிறான்.' வலது பக்கத்தில்: 'எடுத்துக்குங்க.'

அப்பா வரப்பைத் தாண்டினார். ஒரு கால் வரப்பில் பட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து அதையும் எடுத்துக்கொண்டார். கேமராக்காரர், "ஐயா, இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். தள்ளி நின்றார். குனிந்து பாதை மண்ணை அள்ளினார். சொன்னார். ஒரே முறையில் எடுத்து முடித்தார்கள். மாலையில் அப்பா கேமராப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். பாட்டு இல்லை என்று பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியர், சொந்த நிலத்துக்கு வெளியே ஒருவனை நிறுத்திய அந்த ஒரு காட்சியில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்று எழுந்து பேசினார். இயக்குநர் என்னைக் காட்டினார். நான் கைகூப்பினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "பாத்தியா, பாதையிலதான் நின்னேன். இத்தன பேரு சாட்சி" என்று என் காதில் சொன்னார்.

இயக்குநர் நல்லவர்தான் என்று எங்களுக்குப் புரிய ரொம்ப நாளானது. அவர் மறுபடி பாங்குக்குப் போய்விட்டார். பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புவார். நாங்கள் செருப்பையும் டேப்பையும் ஜீப்பையும் பெட்டியையும் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களிலேயே, எங்கள் கொல்லையின் சர்வே எண் ஏதோ ஒரு ஆபீசில் ஏதோ ஒரு மேஜையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அங்கே போய் சந்தேகப்பட எங்களுக்குத் தெரியவில்லை.

சில வருஷம் கழித்து, கொல்லையைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொள்வதாக நோட்டீஸ் வந்தது. நான் மனு எழுதினேன். அப்பாவும் நானும் அலைந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அளக்க வருகிற அன்று அப்பா விடியற்காலையிலேயே எழுந்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு கொல்லைக்கு நடுவில் போய் நின்றார். அவர் மண் அள்ளிக் கொடுக்காமல், 'எடுத்துக்க' என்று சொல்லாமல், யாரும் எடுக்க முடியாது என்று உறுதியாக நம்பினார். கேட்கட்டும், முடியாது என்று அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்கிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

வந்தவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். யாரும் அதட்டவில்லை, எதையும் கேட்கவும் இல்லை. அளவுச் சங்கிலியை விரித்தார்கள். அப்பா நின்ற இடம் அதன் நேர் வழியில் இருந்தது.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

பழக்கம்தான் போலிருக்கிறது, அப்பா நகர்ந்தார். சங்கிலி அவர் பக்கமே வந்தது. இன்னும் நகர்ந்தார். வரப்பைத் தாண்டி வண்டிப்பாதையில் போய், அன்று நின்ற அதே இடத்தில் நின்றார். சங்கிலி வரப்போரம் நின்றது. எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த கொல்லைக்கு நடந்தார்கள்.

அப்பா அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இப்ப நான் என்னடா சொல்லணும்?" என்று கேட்டார்.

அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒரு வரியும் இல்லை.