டொரண்டோவுக்கு எத்தனை மணி நேரம்

மகளுக்குப் பிரசவம் பார்க்க மனைவி டொரண்டோவுக்குப் புறப்பட்டது ஐப்பசியில். நானும் போயிருக்கலாம். "நட்ட வயலை யாருகிட்ட விட்டுட்டு வர்றது?" என்று பெரிய மிராசுதார் மாதிரி கேட்டேன். இருப்பது ஒன்றரை ஏக்கர். விமானம் என்றாலே எனக்குப் பயம் என்பது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த விஷயம்.

அவள் போன மறுநாளே செல்போனில் தேடினேன். சென்னையிலிருந்து டொரண்டோ பதிமூன்றாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், நிற்காமல் பறந்தால் ஏறக்குறைய பதினாறு மணி நேரம் என்று வந்தது. அதையே மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸின் வேகத்தில் போட்டுப் பார்த்தேன். டிரைவர் டீக்கு நிறுத்தாவிட்டால் பதினைந்து நாள். கார்த்திகையில் ஒரு தடவை தேடினேன், மார்கழியில் பல தடவை. தூரம் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையவில்லை.

இதற்கிடையில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். இரண்டு பேருக்கு வைக்கத்தான் கை வந்தது. மிச்சத்தை மறுநாளும் நானே குடித்தேன். தையில் அறுவடை மெஷின் இரண்டு மணி நேரத்தில் வயலை முடித்துவிட்டுப் போய்விட்டது. எந்த வயலைச் சாக்குச் சொல்லி இங்கே உட்கார்ந்தேனோ, அதற்கே நான் தேவைப்படவில்லை. மாசி கடைசியில் அவளுக்குத் திரும்பி வர டிக்கெட் இருந்தது. அதை நினைத்துத்தான் பொழுது ஓடியது.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோவில் வருவாள். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"என்னங்க, இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டுப் போம்மாங்கறா இவ. பாப்பாவுக்குக் கழுத்தே இன்னும் நிக்கல. டிக்கெட்டை மாத்தட்டுமா? தனியா சமாளிப்பீங்களா?"

வேண்டாம், வா என்று சொல்லியிருக்க வேண்டிய இடம். வாய் முந்திக்கொண்டது.

"தாராளமா இரு. நீ போனதுலேர்ந்துதான் எனக்குப் பிரஷரே இறங்கியிருக்கு. ரெண்டு மாசம் என்ன, குழந்தை காலேஜ் முடிக்கட்டும்."

சிரித்தாள். திரும்பி மகளிடம், "உங்கப்பா ஜாலியாத்தான் இருக்காரு. மாத்திடு" என்றாள்.

மறுநாள் முழுக்க வீட்டுக்குள் நடந்து ஒத்திகை பார்த்தேன். போன் வந்ததும் ஒப்பித்தேன். "பேசாம வந்துடேன். வீடு வெறிச்சுன்னு இருக்கு."

"நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணா? யாரைக் கிண்டல் பண்றீங்க?"

முப்பது வருஷமாக இப்படியே பேசியவனை அவள் எப்படி நம்புவாள்? ஆனால் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

"நிஜமாவா சொல்றீங்க? இவ இன்னும் மாத்தல. இப்பச் சொன்னாலும் போதும்."

அவள் தோளில் பேத்தி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது. பின்னால் மகள் நின்றிருந்தாள், தலைகூட வாராமல்.

"சும்மா சொன்னேன்" என்றேன்.

மாசியில் வர வேண்டியவள் சித்திரையில்தான் வந்தாள். அதுவரை நான் யாரிடமும் வாயே திறக்கவில்லை என்று எழுதினால் நம்பாதீர்கள். பால்காரரைத் தினமும் கிண்டலடித்தேன். அவர் ஒருவர்தான் தினமும் வந்தார்.