இருபத்தெட்டு அங்குல மேடை

பிரேமலதாவின் உயரம் நாலடி எட்டங்குலம். அவள் வீட்டு அடுப்பு மேடையின் உயரமோ முப்பத்தைந்து அங்குலம். எடமலைப்பட்டி புதூரில் அந்த வீட்டைக் கட்டின காலத்தில் எந்தக் கொத்தனாரோ எந்த நெட்டை மனுஷியையோ மனசில் வைத்து மேடையைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். கல்யாணமாகி வந்தவள் என்ன செய்வாள்? ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று சமைத்தாள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, இருபத்தொரு வருஷம். குழம்பைக் கிளற ஏறு, கடுகு டப்பா எடுக்க இறங்கு, தாளிக்க மறுபடி ஏறு. கோயில் படிக்கட்டில் இப்படி ஏறி இறங்கியிருந்தால் புண்ணியமாவது சேர்ந்திருக்கும்.

போன மார்கழியில் கஞ்சி வடிக்கும்போது பலகை வழுக்கிவிட்டது. கொதிக்கிற கஞ்சி இடது காலில். தையல் மிஷினை மிதிக்கிற கால் அது. ஜாக்கெட் தைத்துச் சம்பாதிக்கிறவளுக்கு நாற்பது நாள் மிஷின் சும்மா கிடந்தது, பொங்கல் தையல் மொத்தமும் போச்சு. புண் ஆறித் தழும்பானபோது அவள் மனசும் கெட்டியாகிவிட்டது. சீட்டு எடுத்தால் அறுபதாயிரம் வரும். சமையற்கட்டைப் புதுசாக்கிவிட வேண்டியதுதான். இனிமேல் அந்தப் பலகையில் ஏறுவதில்லை.

புதுசாக்குவது என்றதும் அவள் வீட்டுக்காரர் அழகிரிக்கும் உற்சாகம் வந்தது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஆறடிக்கு அரை அங்குலம்தான் குறைவு.

"பழைய மேடை அப்படியே இருக்கட்டும் லதா. அது மேல நல்ல கிரானைட்டா ஒட்டிடுவோம். செவுத்துக்கு டைல்ஸ். கீழ கதவு போட்ட கப்போர்டு. பளபளன்னு இருக்கும், காசும் சரியா வரும்."

"மேல ஒட்டினா மேடை இன்னும் முக்கால் அங்குலம் ஏறும்ங்க. நான் பலகை மேல பலகை போட்டு நிக்கணுமா?"

"இடிச்சுக் கட்டினா கூலிக்கே பாதிப் பணம் போயிடும். கல்லு வாங்க எங்க போறது? அதோட எல்லாத்துக்கும் ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு. நாளைக்கு வீட்டை விக்கணும்னா எவன் வாங்குவான்?"

"விக்கிற வீட்டுலயா நான் சமைக்கிறேன்? சரி, ஸ்டாண்டர்டுன்னு சொல்றீங்களே, உங்க சைக்கிள் சீட்டை ஏன் அவ்வளவு ஏத்தி வச்சிருக்கீங்க? கடையில குடுத்த உயரத்துலயே ஓட்ட வேண்டியதுதானே?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

அழகிரி துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். பதில் இல்லாவிட்டால் அவருக்கு உடனே குளிக்கத் தோன்றும்.

பிரேமலதா வாயால் அளக்கிறவள் இல்லை. நூறு பேருக்குத் தைத்தால் நூறு அளவு எடுக்கிற கை அது. தனக்குத் தானே அளவு எடுத்தாள். டிரங்குப் பெட்டியைச் சமையற்கட்டில் இழுத்துப் போட்டு, அதன்மேல் செங்கல் அடுக்கி, செங்கல்மேல் அடுப்பை வைத்து ஒரு வாரம் சமைத்தாள். முதல் நாள் முதுகு வலித்தது, ஒரு வரிசை செங்கல் ஏற்றினாள். மறுநாள் தோள் தூக்கிக்கொண்டது, அதை எடுத்துவிட்டுப் பழைய கூரை ஓடுகளைப் பரப்பினாள். ஐந்தாம் நாள் சப்பாத்தி மாவு பிசைந்தபோது தோளும் வலிக்கவில்லை, இடுப்பும் வலிக்கவில்லை. டேப்பைப் பிடித்துப் பார்த்தாள். ஜாக்கெட் அளவு நோட்டில் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: பிரேமலதா, மேடை, 28. இத்தனை வருஷத்தில் அந்த நோட்டில் அவள் பேர் ஏறியது அன்றைக்குத்தான்.

அடுத்தது கல். மதுரை ரோட்டில் கிரானைட் யார்டு வைத்திருக்கிற ஹாலித் பாயிடம் போனாள். பையில் ஒரு எலுமிச்சம்பழம், நகப்பாலிஷ் அழிக்கிற தண்ணி, வெள்ளை லைனிங் துணி ஒரு துண்டு.

பழத்தை நறுக்கிக் கல்மேல் பிழிந்தவளைப் பார்த்துப் பாய் சிரித்தார். "என்னம்மா, சர்பத் போடவா வந்தீங்க?"

"புளியும் எலுமிச்சையும் சிந்துற இடம் பாய். இப்பவே தெரிஞ்சுக்கறேன்."

கன்னங்கரேலென்று மின்னிய ஒரு கல் விலையும் மலிவாக இருந்தது. நகப்பாலிஷ் தண்ணியில் துணியை நனைத்து அதன்மேல் அழுத்தித் தேய்த்தாள். வெள்ளைத் துணியில் கறுப்பு இறங்கியது. சாயம் போகிற லைனிங்கை அவள் பார்க்காததா?

"அது சாயம் ஏத்துன கல்லும்மா, அதான் அந்த விலை. எடுத்திருந்தீங்கன்னா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன்" என்றார் பாய். "நிஜமாவே நல்ல கல்லு வேணும், ஆனா கையில காசு இல்ல. அதானே?"

"இடிச்சுக் கட்டுற கூலி, குழாய் வேலை போக மிச்சம் கொஞ்சம்தான் பாய். மறைக்க என்ன இருக்கு?"

பாய் அவளை யார்டின் பின்பக்கம் அழைத்துப் போனார். சுவரில் சாய்ந்து ஒரு பெரிய கறுப்புக் கல். ஐந்தடிக்கு நாலடி. முகம் முழுக்கப் பொன்னெழுத்து. ஏதோ ஊர்ச் சமுதாயக்கூடத்தின் திறப்பு விழாக் கல்வெட்டு. விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் திறந்து வைக்க வருகிறவர் மாறிப்போக, அவசரமாக வேறு கல் வெட்டிக்கொண்டு போனார்களாம். மூன்று வருஷமாக இது இங்கேயே நிற்கிறது. மொத்தம் பதினேழு பேர் பெயர்.

"அசல் கறுப்பு. பேரெல்லாம் அடியில போயிடும், பின்பக்கத்தைப் பாலிஷ் போட்டுத் தரேன். நீளவாக்குல வெட்டினா அஞ்சுக்கு ரெண்டு, ரெண்டு துண்டு. நீங்க சொன்ன எல் ஷேப் மேடைக்கு அளவெடுத்த மாதிரி. பாதி விலை குடுங்க. இதை யாரும் வாங்க மாட்டேங்கறாங்கம்மா, அடுத்தவன் பேர் போட்ட கல்லாம்."

கரடான பின்பக்கத்தில் எலுமிச்சையைப் பிழிந்தாள், லைனிங்கால் தேய்த்தாள். துணி வெள்ளையாகவே வந்தது.

"பதினேழு பேரும் என் மேடையைத் தாங்கட்டும் பாய். வெட்டுங்க" என்றாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்துக்கு வீட்டுக்கு நடந்தே போயிருப்பாள்.

திங்கட்கிழமை கொத்தனார் பிச்சைமுத்து பழைய மேடையை இடித்தார். அளவு நோட்டைக் காட்டி, "இருபத்தெட்டுண்ணே. கல்லோட சேத்து" என்று மூன்று தடவை சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலை சிங்க் வாங்கப் பாலக்கரைக்குப் போனாள். சிங்க்கை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மத்தியானம் வந்தால், சமையற்கட்டில் செங்கல் கட்டு எழும்பி நிற்கிறது. வாசலில் நின்று பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கிட்டப் போய் டேப்பைப் பிடித்தாள். முப்பத்தொன்று. கல் வைத்தால் முப்பத்திரண்டு.

"என்னண்ணே இது?"

பிச்சைமுத்து கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவின கரண்டியையே மறுபடி கழுவினார்.

"சார்தான் போன் பண்ணாரு யக்கா. முப்பத்திரண்டே வச்சிடுங்க, முப்பத்தஞ்சுக்கு இது எவ்வளவோ குறைச்சல், கட்டி முடிச்சிட்டா பழகிக்குவான்னு சொன்னாரு."

பழகிக்குவாளாம். பிரேமலதாவுக்குக் காது சூடானது. அழுகை வந்தது, அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. சிங்க்கை இறக்கி வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். மேல் வரிசைச் செங்கல்லை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். கலவை இன்னும் காயவில்லை, செங்கல் கையோடு வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

"யக்கா, யக்கா, விடுங்க!"

"கலவை காயறதுக்குள்ள எடுத்தா செங்கல் வீணாகாதுண்ணே. நீங்களும் ஒரு கை குடுங்க. உங்க அரை நாள் கூலி எங்கயும் போகாது. அது சார் குடுப்பாரு."

பிச்சைமுத்து அவள் காலைப் பார்த்தார். கணுக்காலிலிருந்து விரல்வரை வெளுத்துக் கிடந்த தழும்பு. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து செங்கல்லை உருவ ஆரம்பித்தார். சாயங்காலம் மேடை அவள் கணக்குப்படி நின்றது. போகும்போது, "நாளைக்கு இன்னொரு வீட்டுல மேல செவுரு பூசணும்க்கா, ஏறி நிக்க ஒரு பலகை கிடைக்குமா?" என்று கேட்டார். மூலையில் கிடந்த தன் பழைய பலகையை எடுத்துக் கொடுத்தாள். "திருப்பிக் கொண்டார வேணாம்ணே."

ஷிப்டு முடிந்து சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்த அழகிரி மேடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கொடியில் துண்டைத் தேடினார்.

"குளிக்கப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுட்டுப் போங்க. என் கால் வெந்தப்ப ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்க. நிஜமாத்தான் அழுதீங்க. அப்புறம் எப்படிங்க எனக்குத் தெரியாம போன் பண்ண மனசு வந்துச்சு?"

துண்டு கையிலேயே இருந்தது. அவர் குளிக்கப் போகவில்லை. துண்டை மறுபடி கொடியில் போட்டுவிட்டு, "கொத்தனார் கூலியை நான் குடுத்துடறேன்" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் அந்த உருவத்தில்தான் வரும், அது அவளுக்கும் தெரியும்.

டைல்ஸ் இல்லை, கப்போர்டு கதவும் இல்லை. கதவுக்குப் பதில் லைனிங் துணியில் அவளே திரை தைத்துவிட்டாள். ஆனால் கல் வந்து உட்கார்ந்த அன்றைக்குப் பார்க்க வேண்டுமே, முகம் தெரிகிற கறுப்பு! வெள்ளிக்கிழமை விடிகாலையில் பால் காய்ச்சினாள். பால் பொங்கியது அவள் கண்ணுக்கு நேர் கீழே. எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பாதமும் தரையில் பதிந்திருந்தன. அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெறுமனே அப்படியே நின்றாள். அத்தனை நிம்மதி.

"இன்னைக்கு நான் டீ போடறேன், நீ உக்காரு" என்று வந்தார் அழகிரி. பாத்திரத்தை வைத்துப் பாலை ஊற்றியவர் இடுப்பில் கை வைத்தார்.

"என்ன லதா, இதுக்கு நான் இவ்வளவு குனியணுமே!"

"இருபத்தொரு வருஷம் நான் ஏறி நின்னேங்க. நீங்க கொஞ்சம் குனிங்க."

அழகிரி குனிந்தார். குனிந்தபடியே தூளைப் போட்டு, கொதிக்கவிட்டு, வடிகட்டி டம்ளரை அவள் கையில் கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். அவள் அப்படியே கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.