வாசலில் வைத்த நித்தியகல்யாணி

கல்யாணமாகி மரக்காணம் வந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் பிறந்த ஊரான பிரம்மதேசத்தில் குச்சியை நட்டாலே துளிர்க்கும். இங்கே நான் வைத்த ரோஜாவும் செம்பருத்தியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கருகின. செடி வராத ஊரில் மனுஷி எப்படி இருப்பாள்? திண்டிவனத்தில் வாடகைக்கு வீடு பார்க்கச் சொல்லி வீட்டுக்காரரை நச்சரித்தபடியே இருந்தேன். உப்பளத்து வேலையை விட்டு வர அவருக்கு மனசில்லை.

"கடைசியா ஒரு செடி வெச்சுப் பாக்கலாம். அதுவும் போச்சுன்னா கெளம்பிடலாம்" என்றார்.

மறுநாள் அவர் கொண்டுவந்தது நித்தியகல்யாணி. ரோட்டோரத்தில், சுடுகாட்டில், யாரும் தண்ணீர் ஊற்றாமலே வருஷம் முழுக்கப் பூக்கிற செடி. சாகாத செடியாகப் பார்த்துப் பிடுங்கி வந்திருக்கிறார், திருட்டு மனுஷன்! சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. ஆனாலும் அம்மா வீட்டுச் செம்மண்ணைக் கலந்து வாசலில் நட்டேன். அதன்பின் சும்மா இருக்க முடிந்ததா? குழம்பு கொதிக்கும்போதே எழுந்துபோய்ப் பார்ப்பேன். நுனியைக் கிள்ளிவிட்டதும் பக்கத்தில் கிளைத்து, ரோஸ் நிறத்தில் பூத்தது. பிழைத்துவிட்டதே என்று வயிறெரிந்தேன்.

பிறகு இலை ஓரங்கள் காய்ந்து சுருண்டன. பூ நின்றது. போனில் வாடகை வீடுகளாகத் தேடிக்கொண்டிருந்தேன்; அந்த இலைகளைப் பார்க்கவும் பொறுக்கவில்லை.

அன்றைக்கு அவர் உப்பளத்திலிருந்து வந்தபோது நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். வாசல் பக்கெட்டிலிருந்து மொண்டு, செடிக்கு மேலேயே காலை நீட்டிக் கழுவினார். முழங்கால்வரை வெள்ளையாகப் படிந்திருந்த உப்பெல்லாம் கரைந்து வேரில் இறங்கியது. காலில் உப்பு இருப்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும். ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் இதேதான் நடந்திருக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், திண்டிவனம்தான்.

"ஏங்க! அங்க கழுவாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

ஒற்றைக் காலில் திகைத்து நின்றார். "தண்ணி வீணாப் போவுதேன்னு தெனம் இதுக்கே விடறேன். இது பொழைச்சா நீ இங்கியே இருப்பல்ல?"

அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல்தான் அதிகம் வந்தது. கத்தினது நான்தானே. குடிக்கப் பிடித்துவைத்திருந்த குடத்தைத் தூக்கிவந்து, உப்பு கரைந்து போகட்டும் என்று வேரில் மொத்தமாகக் கவிழ்த்தேன்.

"திண்டிவனத்துல வீடு பாக்கட்டுமா?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

"மொதல்ல காலை அந்தப் பக்கம் எடுங்க" என்றேன்.