இரண்டு தோடை மரங்கள்

புனிதருக்குத் தமிழ் விளங்காது என்று நான் நம்பினேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. மீசை அரும்பிவிட்டது, ஆகவே குழந்தைப் பிள்ளைப் பேச்சு என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.

என் கணக்கு இப்படிப் போனது. தாழ்வுபாட்டில் எங்கள் கோயிலின் இடப்பக்கப் பீடத்தில் நிற்கும் புனிதர் ஸ்பெயின் தேசத்தில் பிறந்தவர். உயிரோடிருந்த காலத்திலேயே இந்தக் கரைகளில் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளனை வைத்துக்கொண்டுதான் பிரசங்கம் செய்தார் என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். அந்த மொழிபெயர்ப்பாளன் செத்து முந்நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அதன் பிறகு எங்கள் சனம் அழுது சொன்னதெல்லாம் அவர் காதில் கடல் இரைச்சல் போலத்தானே விழுந்திருக்கும்? என் அண்ணன் அத்தனை மெழுகுதிரி கொளுத்தியும் சீனியர் சோதினையில் இரண்டு தரம் தவறியதற்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. அண்ணன் புத்தகத்தைத் திறக்கவில்லை என்ற காரணம் வீட்டில் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் சீனியர் வகுப்புக்கு ஏறிய வருஷம், மன்னார் பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் லத்தீன் படிப்பித்த பாதிரிச் சுவாமி காய்ச்சலோடு கொழும்புக்குப் போனார். அவருக்குப் பதிலாக வந்த சுவாமி ஸ்பெயின் நாட்டவர். லத்தீன் வேண்டுமா, தன்னுடைய மொழி வேண்டுமா, சோதினைக்கு இரண்டையும் ஏற்றுக்கொள்வார்கள் என்று அவர் கேட்டார். லத்தீனை ஏற்கனவே அறிந்திருந்த நாங்கள் ஏழு பேரும் ஒரே குரலில் ஸ்பெயினுக்குக் கை தூக்கினோம். மற்ற ஆறு பேரும் தூக்கியது லத்தீனுக்குப் பயந்து. நான் தூக்கியது புனிதரோடு நேரே பேசுவதற்கு.

முதல் வாரம் நான்தான் பண்டிதன். மேசை அங்கேயும் மேசா, சப்பாத்து அங்கேயும் ஏறக்குறைய சப்பாத்து. போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்களைக் கொண்டு பாதித் தூரம் போய்விடலாம் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் வினைச்சொற்கள் வந்தன. அதோடு என் பாண்டித்தியம் முடிந்தது. சன்னலுக்குள் தலையை நீட்டி நிற்கும் மன்னார்க் கழுதைகளும் நானும் ஒரே முகத்தோடு கரும்பலகையைப் பார்த்தோம்.

மொழி ஏறாவிட்டாலும் அந்த நாட்டுப் பழக்கவழக்கங்கள் நன்றாக ஏறின. சுவாமி ஸ்பெயினின் படத்தைக் கீறி, அங்கே மத்தியானத்தில் எல்லோரும் கதவைச் சாத்தி உறங்குவார்கள் என்று சொன்னார். எங்களுக்கு இதில் படிக்க ஒன்றுமில்லை என்று பின்வாங்கில் இருந்த என் சிநேகிதன் மெல்லச் சொன்னான். அவன் முஸ்லிம் கடைக்காரர் ஒருவரின் மகன். வகுப்பில் என்னை விடக் கெட்டிக்காரன், வாயும் என்னை விட நீளம்.

கார்த்திகை கடைசியில் புனிதரின் நவநாள் தொடங்கியது. ஒன்பது நாளும் பீடத்தின் முன் ஒரு மரப்பெட்டி இருக்கும். சனங்கள் தங்கள் மன்றாட்டைக் கடுதாசியில் எழுதி அதில் போடுவார்கள். திருநாள் முடிந்ததும் பெட்டியைத் திறந்து, ஒருவரும் வாசிக்காமல், எல்லாவற்றையும் எரித்துவிடுவார்கள். நான் என் மன்றாட்டை ஸ்பானிய மொழியில் எழுதினேன். 'நான் மாணவன். நான் நல்லவன். சோதினை பெரியது.' அதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. ஆனால் போடுவதற்கு முன் அதை அயலட்டை முழுவதும் கொண்டுபோய்க் காட்டத் தெரிந்தது. காட்டியதோடு புனிதரின் காது பற்றிய என் கண்டுபிடிப்பையும் விளங்கப்படுத்தினேன்.

மறுநாள் கருவாடு போடும் அக்கா எங்கள் வீட்டுப் படலைக்கு வந்தார். நாலு வளவு தள்ளி இருப்பவர். அவருடைய புருஷன் போன வருஷம் ஐப்பசி கடைசியில், வெளியூர்க்காரர் இரண்டு பேரோடு வள்ளத்தில் இராமேஸ்வரப் பக்கம் போனவர். அதோடு ஒரு சேதியும் இல்லை. புருஷனின் தமையன் இப்போது ஒரு முடிவு சொல்லியிருந்தார்: இந்தத் திருநாளுக்குள் தகவல் கிடைக்காவிட்டால், மறுநாளே தம்பிக்கு மரித்தோர் பூசை வைக்க வேண்டும், அக்கா வெள்ளைச் சேலை உடுக்க வேண்டும்.

"பூசை சொல்லிப்போட்டால் பிறகு அவர் திரும்பி வந்து எங்கை நிக்கிறது?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

நேற்று வரைக்கும் என்னை "டேய்" என்று கூப்பிட்டவர், அன்று "தம்பி, எழுதுங்கோ" என்றார். நான் எழுதினேன், அதாவது எழுதுவது போல இருந்தேன். அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். புருஷனுக்கு இடது புருவத்தில் தூண்டில் கிழித்த தழும்பு இருக்கும், அதை வைத்து அடையாளம் பிடிக்கலாம். கழுத்தில் உத்தரியம், மாதா படம் தைத்த கயிறு, போட்டிருப்பார். கூரை ஒழுகுகிறது என்று அக்கா ஏசப்போய்த்தான் அவர் கோபித்துக்கொண்டு அன்றைக்குக் கடலுக்கு இறங்கியவர். "கூரை வேய்ஞ்சாச்சு எண்டு எழுதுங்கோ தம்பி. நான் இனி ஒண்டும் பேசமாட்டன் எண்டும் எழுதுங்கோ. உயிரோடை இருக்கிறாரோ எண்டு மட்டும் கேளுங்கோ."

தழும்புக்குச் சொல் தெரியாது. உத்தரியத்துக்குத் தெரியாது. கூரைக்கு ஒரு சொல் படித்திருந்தேன், அது அந்த நேரத்தில் வரவில்லை. 'இருந்தார், போனார், வருவார்' என்ற பக்கத்துக்கே நாங்கள் இன்னும் போகவில்லை. சுவாமியிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது வெளியே வந்துவிடும். ஆகவே தெரிந்த சொற்களையெல்லாம் திரட்டி, பாடப் புத்தகத்தில் மாமா என்று வருகிற இடத்தில் அக்காவின் புருஷனுடைய பெயரைப் போட்டு, ஐந்து வசனம் எழுதினேன். அக்கா கடுதாசியைக் கண்ணில் ஒற்றி மடித்தார். எனக்கு ஒரு கட்டுப் பாரைக் கருவாடு தந்தார். அதை நான் சாப்பிட்டேன், பொரித்து.

எப்படியும் எரியப்போகிற கடுதாசிதானே என்று நிம்மதியாக இருந்தேன். ஏழாம் நாள் அந்த நிம்மதி போனது. எங்கள் பங்குச் சுவாமிக்கு உடம்பு முடியாமல் போக, திருநாளை நடத்த ஸ்பானிய சுவாமி வந்தார். தமிழை அவர் பழைய இலக்கணப் புத்தகம் ஒன்றில் படித்தவர். பீடத்தில் ஏறி நின்று, "அன்பான சனங்களே, இவ்வாண்டு உங்கள் மன்றாட்டுகளை நானே உரத்த சத்தமாய் வாசிக்கக் கடவேன்" என்றார்.

பயம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும். அதுதான் மோசம். மறுநாள் மத்தியானம், ஸ்பெயினிலும் தாழ்வுபாட்டிலும் எல்லோரும் உறங்கும் நேரத்தில், ஈர்க்கின் நுனியில் சோற்றுப் பசை பூசிக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தேன். சிநேகிதன் வாசலில் சைக்கிளோடு நின்றான். ஆள் வந்தால் மணியடிப்பதாக ஏற்பாடு. ஈர்க்கும் பசையும் எதற்கு என்று முழுக் கதையையும் அப்போதுதான் அவனுக்குச் சொன்னேன். அவன் சைக்கிள் மணியில் விரலை வைத்துக்கொண்டு சொன்னான்:

"நாங்கள் ஓதுறது அரபிலை. கேக்கிறது தமிழிலைதான். அல்லாஹ்வுக்கு விளங்கேல்லை எண்டு இதுவரைக்கும் ஒரு புகாரும் வரேல்லை."

அக்காவின் கடுதாசியைத் தேடிப் பெட்டியின் பிளவுக்குள் ஈர்க்கை விட்டு மூன்று கடுதாசி பிடித்தேன். ஒன்று காது குத்து. ஒன்று பிள்ளைப் பேறு. மூன்றாவது, பக்கத்து வீட்டுக்காரனின் வள்ளம் ஓட்டையாக வேண்டும் என்று கேட்டிருந்தது. நாலாவதற்கு விடும்போது மணி கேட்டது. மூன்றையும் திரும்பத் தள்ளிவிட்டு, சுவாமி பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரத் தொட்டிக்குள் புகுந்தேன்.

வந்தது அக்கா. புனிதரின் முன் நின்று, சந்தையில் பேசுகிற குரலில் பேசினார். தழும்பு, உத்தரியம், கூரை எல்லாம் தமிழில், ஒன்று விடாமல். கடைசியில், உம்முடைய பாஷையிலும் கடுதாசி போட்டிருக்கிறன், பிழை இருந்தால் பாராதையும், அந்தப் பொடியனையும் சோதினையிலை பாஸாக்கிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு நான் பெட்டிப் பக்கம் போகவில்லை. பசை காய்ந்துவிட்டது என்று சிநேகிதனிடம் சொன்னேன்.

திருநாள் காலைப் பூசை முடிந்ததும் சுவாமி பெட்டியைத் திறந்தார். காது குத்து போனது. பிள்ளைப் பேறு போனது. வள்ளம் ஓட்டையாகிற மன்றாட்டை அவர் பாதியில் நிறுத்தி, மடித்து அங்கிக்குள் வைத்தார். அடுத்ததை விரித்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஆண்கள் பக்கத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, சனங்கள் முன்னால் தலையசைத்தார். தன் மாணவன் தன் மொழியில் எழுதியிருக்கிறான் என்று அந்த மனிதருக்குச் சந்தோஷம். முதலில் ஸ்பானிய மொழியில் வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார். அக்காவின் புருஷனுடைய பெயரைச் சொல்லி, "இவருக்கு ஒரு வீடு உண்டு. வீட்டின் பின்னால் தோட்டம் உண்டு. தோட்டத்தில் இரண்டு தோடை மரங்கள் நிற்கின்றன. பூனை நாற்காலியின் கீழே உறங்குகின்றது. இவர் அப்பம் புசிக்கின்றார்."

அக்கா என்ன கேட்டு எழுதுவித்தார் என்பது ஊருக்கே தெரியும். தழும்பையும் கூரையையும் அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். உள்ளே போனது அது. வெளியே வந்தது தோட்டமும் ஆரஞ்சு காய்க்கும் தோடை மரமும். பெட்டிக்குள் இத்தனை நாள் இருந்து கேள்வி பதிலாக மாறியிருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள எங்கள் சனத்துக்கு ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்லும் நேரம் எடுத்தது. "உயிரோடை இருக்கிறான்" என்று யாரோ சொன்னார்கள். தமையன் முழங்காலில் விழுந்து அழுதார். பெண்கள் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் மட்டும், யாரிடமும் சொல்லாதது போல, "அவருக்குப் பூனையெண்டால் ஆகாதே" என்றது.

நான் எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை. மரித்தோர் பூசை நின்றுபோனது. திங்கட்கிழமை வகுப்பில் சுவாமி என்னைப் பாராட்டி, அந்த ஐந்து வசனத்தில் ஒரு பிழைதான் இருந்தது என்றார்.

பள்ளிக்கூடம் விட்டதும் சிநேகிதன் என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினான். "நீ சொல்லுறியோ, நான் போய்ச் சொல்லட்டோ?"

போனேன். அக்கா பரப்பியிருந்த மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார். தாழ்வுபாட்டிலிருந்து தலைமன்னார் வரைக்கும் என்னைச் சிரிப்பூட்டுகிறவன் என்று சொல்லுவார்கள். அன்று ஒரு பகிடியும் வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அந்த மொழி தெரியாது, தெரிந்த சொற்களைத்தான் போட்டேன், தோட்டமும் மரமும் பூனையும் பள்ளிப் புத்தகத்தில் இருந்தவை என்று. அவர் கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எழுதினது நீ," என்றார். "எழுத வைச்சது ஆர்?"

கோயில் பக்கம் தலையைக் காட்டிவிட்டு அடுத்த மீனைப் புரட்டினார்.

"தோடை எந்தப் பக்கத்திலையடா காய்க்கும்?"

தெரியாது என்றேன். அவர் என்னிடம் கேட்டதில் அந்த ஒன்றுக்குத்தான் நான் சரியான விடை சொன்னேன்.

ஸ்பானிய மொழியில் நான் தவறினேன். மற்றப் பாடங்களைக் கொண்டு ஒருவாறு கரையேறி, தலைமன்னார்த் துறையில் ஒரு கந்தோரில் கிளார்க்கு வேலை எடுத்தேன். இந்தியாவுக்குப் போய்வருகிற கப்பல் ஆட்களிடம், அந்தக் கரையில் தோடை மரம் எங்கே நிற்கிறது என்று அக்கா விசாரித்துக்கொண்டிருப்பதாக அங்கே காதில் விழுந்துகொண்டேயிருந்தது. அவர் நிறச் சேலைதான் உடுத்தார். இரண்டு இடங்களில் கலியாணம் கேட்டு வந்தார்கள். தன் புருஷன் இருக்கிறார் என்று திருப்பி அனுப்பிவிட்டார். நான் எதிரே அவரைக் கண்டால் கடற்கரைப் பாதையை விட்டு ஒழுங்கைக்குள் இறங்கிவிடுவேன்.

மூன்றாம் வருஷம் அவர் கந்தோருக்கே வந்தார். தான் கப்பல் ஏறப்போவதாகவும், வாசிக்கத் தெரிந்த ஆள் ஒருவர் கூட வேண்டும் என்றும் சொன்னார். லீவு எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பக்கமும் எங்கள் பக்கத்தைப் போலவே மணலும் பனையுந்தான். கரையோரக் கோயில் ஒவ்வொன்றாக விசாரித்துப் போனோம். இரண்டாம் நாள் ஒரு மீனவக் குடியிருப்பில், அக்கா தழும்பு என்று சொன்னதும், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை உள்ளே போய் அடக்கப் பதிவேட்டை எடுத்து வந்து என் கையில் தந்தார்.

பதிவேடு தமிழில் இருந்தது. அக்காவின் புருஷன் கடலுக்கு இறங்கிய நாலாம் நாளின் தேதி போட்டிருந்தது. நான் ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் படித்திராத காலம் அது. 'கரையொதுங்கிய ஆண் பிரேதம். வயது முப்பதளவில். இடது புருவத்தில் தழும்பு. கழுத்தில் உத்தரியம். பேர், ஊர் தெரியாது. அடக்கம் செய்யப்பட்டது.' நான் வாசித்தேன். அக்கா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.