தெருவிளக்கும் மூன்று கோடி ஒளியாண்டும்

அடி அண்ணாமலையில் மோட்டார் ஓடவில்லையா, ஃபேன் சுற்றவில்லையா, எலக்ட்ரீஷியன் அறிவுச்செல்வனைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரர். ஆனால் மனசு மட்டும் வானத்தில் இருந்தது. தொண்ணூற்றிரண்டில் சென்னைக்குப் போய்க் கண்ணாடியைத் தேய்த்துக் குழியாடி ஆக்கக் கற்று, பிளாஸ்டிக் குழாயில் சொந்தமாகத் தொலைநோக்கி செய்துவிட்டார்.

பௌர்ணமி கிரிவலத்துக்கு ஊரே திரளும்போது இவர் முகத்தைச் சுளிப்பார். நிலா வெளிச்சத்தில் அவருடைய செல்லம் தெரியாது. அது ஒரு விண்மீன் திரள். மைசூர் பருப்பைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல நடுவில் பருத்து, இரு முனையும் மெலிந்து, மங்கலாக இருக்கும். ஒருநாள் மனைவி தனத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இதுக்கா இவ்ளோ பாடு? கண்ணாடியில அழுக்கு ஒட்டின மாதிரி கீது."

"மூணு கோடி ஒளியாண்டு தூரம், தனம். நம்ம பால்வீதி மாதிரி சுருள் கையெல்லாம் இதுக்குக் கிடையாது. வாயு தீந்துபோச்சு. புதுசா நட்சத்திரம் பொறக்கறது ரொம்பக் கம்மி. இருக்கறதெல்லாம் கிழடு."

"பாவம். அத யாரு பாக்கப் போறாங்க? நீங்களாவது பாருங்க," என்று சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இரண்டாயிரத்து ஒன்றில் வாசலுக்கு எதிரே தெருவிளக்கு வந்தது. ஊருக்குச் சந்தோஷம், அவருக்குத் தலையில் இடி. திரள் போன இடம் தெரியவில்லை. மாசி, பங்குனி அமாவாசையை ஒட்டி அந்த விளக்கின் ஃபியூஸைக் கழற்ற ஆரம்பித்தார். கேட்டவர்களிடம், "லைன்ல ஃபால்ட்டு, பாத்துனு கீறேன்" என்றார். எலக்ட்ரீஷியனே சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? இரண்டு வருஷம் இப்படியே ஓட்டினாரே, அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

மூன்றாம் வருஷம் பங்குனியில் ஒருநாள், பொழுது சாய்ந்ததும் ஃபியூஸைக் கழற்றிவிட்டு இவர் மாடியில் தொலைநோக்கிக்குள் மூழ்கியிருந்தார். தெருக்குழாயில் வைத்த குடத்தை எடுக்கப் போன தனம், இருட்டில் கண்ணாடி விரியனை மிதித்துவிட்டாள். "ஏங்க!" என்று ஒரே அலறல்.

ஆட்டோவில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அழுதார். உயிர் பிழைத்தாள். வலது கால் மட்டும் பழையபடி ஆகவில்லை.

அவள் வீடு திரும்பிய அன்று மாலை தெருவிளக்கு பளிச்சென்று எரிந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லத் தைரியம் வரவில்லை. வாசல்படியில் உட்கார்ந்த தனம் விளக்கையே பார்த்தாள்.

"இனிமே அது தெரியாது இல்ல?"

"எது?"

"உங்க மைசூர் பருப்பு. அதுக்குத்தான ஃபியூஸைப் புடுங்கி வச்சீங்க?"

"உனக்குத் தெரியுமா?"

"மொத வருஷமே தெரியும். நீங்க அத ஆசையா பாக்கறீங்களேன்னுதான் யார்கிட்டயும் சொல்லல."

அறிவுச்செல்வன் குனிந்து அந்தக் காலைத் தொடப் போனார். தனம் இரண்டு கையாலும் அதைத் தூக்கி, நகர்த்தி வைத்துக்கொண்டாள்.