வூஃபரை அடக்கிய கை

எங்கள் காரில் எனக்கென்று நான் கேட்டு வாங்கிய ஒரே பொருள் டிக்கியில் இருக்கும் சப்வூஃபர் என்ற இடிச்சத்த ஸ்பீக்கர்தான். பாட்டில் தவில் அடித்தால் அது என் முதுகில் வந்து விழ வேண்டும். பொம்பளைக்கு எதற்கு இம்புட்டு இடி என்று மில் ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

ஒரு சனிக்கிழமை வூஃபர் ஊமையாகிவிட்டது. பாட்டு வந்தது, இடி வரவில்லை. ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் விளக்கும் எரிந்தது. அதை மாட்டித் தந்த பைபாஸ் கடைக்குக் கொண்டுபோனேன். எர்த் ஒயரின் போல்ட்டில் துரு என்று கடைக்காரர் தேய்த்து முடுக்கினார். இடி வந்தது. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் இல்லை. ஒயரையே மாற்றினார். வந்தது, அடுத்த வாரம் போனது. என்னைத் திரும்பத் திரும்ப வரவைக்கத்தான் இந்த ஆள் அரைகுறையாகச் செய்கிறார் என்று முடிவுகட்டினேன். மூன்றாம் தடவை பக்கத்திலேயே நின்று அவர் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவர் இடப்பக்கக் கதவைத் திறந்து, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டார்.

"ஏக்கா, இந்த நாப்பை யாரு கொறைக்கிறது? போன தடவையும் இப்படித்தான் இருந்துச்சு. நீங்கதான் கொறச்சிருப்பீகன்னு நெனச்சு, டெஸ்ட் பண்ணயில கூட்டிவிட்டேன்."

வூஃபர் சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும் சின்னக் குமிழ் அது. மாட்டிய நாளிலிருந்து நான் தொட்டதில்லை. ஓட்டுகிறவருக்கு அது எட்டாது. பக்கத்தில் உட்கார்பவருக்குத்தான் எட்டும்.

வெள்ளிக்கிழமைகளில் கார் என் கணவரிடம் இருக்கும். தேங்காய் வியாபாரி. வத்தலக்குண்டு பக்கம் தோப்பு பார்க்கப் போகிறேன் என்பார். மற்ற நாளெல்லாம் பைக்கில் தோப்புக்குப் போகிறவருக்கு வெள்ளிக்கிழமை மட்டும் எதற்குக் கார்? கொஞ்ச நாளாக அவர் பக்கத்தில் உட்காரும்போது எனக்கு முழங்கால் இடித்ததும் நினைவுக்கு வந்தது. இருக்கையை முன்னால் இழுத்துவிட்டிருக்கிறார்கள். யாரோ குள்ளமானவள். இவரைக் கட்டியதற்காக, பெற்ற அம்மாவே என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இவரும் இல்லையென்றால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அடுத்த வெள்ளிக்கிழமை குமிழை முழுதாகக் கூட்டிவைத்து, ஒன்றும் தெரியாதவள் போல அனுப்பினேன். சாயங்காலம் கார் வந்து நின்றதும் கையை விட்டுப் பார்த்தேன். அடியோடு குறைத்திருந்தது.

"யாருங்க அவ?"

அவர் கார்ச் சாவியை என் கையில் வைத்தார். "உங்கம்மா" என்றார்.

அகப்பட்டுக்கொண்டதும் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று நினைத்தேன். இவர் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றவள் அம்மா.

"அத்தைக்கு நெஞ்சைத் தொறந்து ஆப்பரேசன் பண்ணிருக்காங்க. அவங்க ஊர்த் தோப்புக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். வாராவாரம் சேவுகம்பட்டில இருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்து புண்ணுக்குக் கட்டு மாத்திக் கொண்டுபோய் விடுறேன். பாட்டு வேணுமாம், இந்த இடிதான் நெஞ்சுல குத்துதாம். நாந்தான் நாப்பைக் காட்டுனேன். ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, மறைத்த இரண்டு பேர் மேலும். அழுகை பிறகுதான் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு நானே ஓட்டிக்கொண்டு போனேன். அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். வாசலுக்கு வந்த அம்மா என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். மெலிந்துபோயிருந்தாள். திரும்பி உள்ளே போய்விடுவாள் என்றே நினைத்தேன். ஆனால் மெதுவாக வந்து ஏறி, இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு, ரோட்டையே பார்த்தபடி உட்கார்ந்தாள். நான் பாட்டைப் போட்டேன்.

பழக்கத்தில் அவள் கை டேஷ்போர்டுக்கு அடியில் போனது. குமிழ் திரும்பவில்லை. வரும்போதே செம்பட்டியில் வண்டியை நிறுத்தி நான் அதை அடியோடு குறைத்துவிட்டிருந்தேன்.

"நீயே கொறச்சிட்டியா?" என்று கேட்டாள்.

என் கல்யாணத்துக்குப் பிறகு அம்மா என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.