முன்னூற்று எழுபத்தெட்டாம் பிரிவும் ஒரு நாயும்

கிருபாநந்தன் முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். நீதிபதி மலாய் மொழியில் கேட்பதைத் தமிழிலும், கூண்டில் நிற்பவர் தமிழில் முனகுவதை மலாயிலும் சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. அந்தக் குறையை ஓய்வு பெற்றபின் வட்டியோடு தீர்த்துக்கொண்டார்.

சுங்கை லாலாங்கில் அவர் வசித்த தாமான் குடியிருப்பில் யார் அகப்பட்டாலும் தண்டனைச் சட்டத்தின் பூர்வீகத்தை எடுத்துவிடுவார். வெள்ளைக்காரர்கள் கல்கத்தாவில் உட்கார்ந்து எழுதியது, கடல் கடந்து பினாங்குக்கு வந்தது, பிறகு மெல்ல இந்தக் கெடா மாநிலத்துக்கும் வந்து சேர்ந்தது. அவரைத் தூரத்தில் கண்டாலே ஆட்கள் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொள்வதை அவரும் கவனித்திருந்தார்.

முழுதாக உட்கார்ந்து கேட்ட ஒரே ஜீவன் பிரவுனி. அதே தாமானிலிருந்து கூலிம் நகரத்துக் கணினிச் சிப் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் லோகேஸ்வரியின் நாய். காலை நடையில் அதற்குப் பிஸ்கட்டை உடைத்துப் போட்டபடி பேசுவார். சட்ட அறிவுக்காகத்தான் அது உட்கார்ந்திருக்கிறது என்று அவர் மனமார நம்பினார்.

ஒரு வெள்ளிக்கிழமை பிரவுனி அவர் பின்னாலேயே வீடுவரை வந்தது. தேநீர் குடித்துவிட்டுக் கொண்டுபோய் விடலாம் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார். மத்தியானமாகியும் நினைத்துக்கொண்டே இருந்தார். அதற்குள் தாமான் முழுக்கத் தேடிய லோகேஸ்வரி போலீசில் புகார் கொடுத்து, நாய் அவர் பின்னால் போனதை யாரோ சொல்லக் கேட்டு, கார்ப்பரல் அய்யாவுவோடு வாசலில் வந்து நின்றாள். நாய் நாற்காலிக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

அய்யாவுவுக்கு அவரை நீதிமன்ற நாட்களிலிருந்தே தெரியும். “தானா வந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார், முடிஞ்சிரும்லா” என்றார்.

சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு காவலர் சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு போவதைக் கிருபாநந்தனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முன்னூற்று எழுபத்தெட்டாம் பிரிவிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது என்று உற்சாகமாக ஆரம்பித்தார். நேர்மையில்லாத எண்ணத்தோடு ஒருவன் சட்டைப்பையில் தின்பண்டம் வைத்துக்கொண்டு அடுத்தவன் நாயைப் பின்னால் வரச் செய்தால், நாய் நடக்க ஆரம்பித்த அந்த நிமிடமே அது திருட்டு.

அய்யாவு அவர் சட்டைப்பையைப் பார்த்தார். துணியில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது.

“அப்ப வேணும்னுதான் கூட்டிட்டு வந்தீங்களா சார்?”

இதே மாதிரிக் கேள்வியை ஆயிரம் பேருக்கு மொழிபெயர்த்தவர். ஆமா, இல்ல என்று சொல்ல இத்தனை திணறலா என்று உள்ளுக்குள் சிரித்தும் இருக்கிறார். இப்போது அவர் வாயிலிருந்து “அதாவது” என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. தன் வழக்கில் தானே அரசுத்தரப்புச் சாட்சியாகி நிற்பது அவருக்கு மெல்ல உறைத்தது.

கடைசியில் லோகேஸ்வரியைப் பார்த்துச் சொன்னார். “கதவ நான்தான் சாத்துனேன். பேசுனா கேட்டுக்கிட்டு இருக்கும்மா அது. வீட்ல வேற யாரும் இல்ல.”

அவள் உள்ளே வந்து நாற்காலிக்கடியிலிருந்து நாயை எழுப்பினாள். “கேட்டிருந்தா நானே கொண்டாந்து விட்டிருப்பேனே அங்கிள். நான் வேலைக்குப் போற அன்னைக்கெல்லாம் அது தனியாத்தான் கெடக்கு.”

புகாரை மீட்டுக்கொள்ள நிலையத்துக்குப் போகவேண்டியிருந்தது. அவளையும் பிரவுனியையும் கிருபாநந்தனே தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் நாய் பின் இருக்கை முழுக்க வாந்தி எடுத்தது. அவர் வீட்டு வாசலில் அவள் தண்ணீர்க்குழாயைப் பிடிக்க, அவர் கால்சட்டையை மடித்துக்கொண்டு குனிந்து தேய்த்தார். வேலைக்குப் போகும் நாட்களில் எத்தனை மணிக்கு நாயைக் கொண்டுவந்து விடுவது என்று அப்போதே பேசி முடித்தார்கள்.